லெஸ்டர் சிட்டி 2015-16: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து கால்பந்து பற்றிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் இந்த ஒரு சீசனில் வந்து நின்றுவிடும். அப்போது பார்த்தவர்கள் பாதியை மறந்துவிட்டார்கள். பிறகு பார்க்க வந்தவர்களுக்கு ‘5000-க்கு 1’ என்ற எண் மட்டும்தான் தெரியும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘அதிசயம்’ என்ற சொல்லை இந்தச் சீசனுக்குப் பயன்படுத்துவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

சுருக்கமாக, என்னதான் நடந்தது?

இங்கிலாந்தின் உச்ச டிவிஷனான பிரீமியர் லீகில் 2014-15-இல் கடைசி இடத்தில் மாதக்கணக்கில் கிடந்து, கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படாமல் கடைசி இரண்டு மாதத்தில் தப்பிப் பிழைத்த லெஸ்டர் சிட்டி, அடுத்த சீசனில் பிரீமியர் லீகையே வென்றது. 38 ஆட்டங்களில் 23 வெற்றி, 12 டிரா, 3 தோல்வி. போட்டது 68 கோல், வாங்கியது 36. மொத்தம் 81 புள்ளிகள். இரண்டாவதாக வந்த ஆர்சனலுக்கு 71, மூன்றாவதாக வந்த டாட்டன்ஹாமுக்கு 70. கடைசி நாள் வரை இழுத்து, ஒரு புள்ளியில் ஜெயித்த கதை இல்லை இது. இரண்டு ஆட்டம் மீதம் இருக்கும்போதே கோப்பை உறுதியாகிவிட்டது.

லெஸ்டர் எப்படிப்பட்ட ஊர்? பெரிய கிளப்பா?

லண்டனுக்கு வடக்கே, இங்கிலாந்தின் நட்டநடுவில் இருக்கும் தொழில் நகரம். ஒரு காலத்தில் காலுறைக்கும் செருப்புக்கும் பேர் போனது. 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டிய இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் ஏராளமானவை இங்கேதான் வந்து குடியேறின. பெல்கிரேவ் ரோட்டில் நடக்கும் தீபாவளி, இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப்பெரிய தீபாவளிகளில் ஒன்று.

கிளப் 1884-இல் ‘லெஸ்டர் ஃபாஸ்’ என்ற பெயரில் தொடங்கியது. 2015-16-க்கு முன் முதல் டிவிஷனில் (பிரீமியர் லீகுக்கு முன்பிருந்த உச்ச டிவிஷன்) எட்டிய உச்சம் 1928-29-இல் வந்த இரண்டாவது இடம். எஃப்.ஏ. கோப்பை என்ற நாக்-அவுட் போட்டியின் இறுதிக்கு அதுவரை நான்கு முறை போய் நான்கிலும் தோற்றவர்கள். லீக் கோப்பை என்ற இன்னொரு நாக்-அவுட் போட்டியை மூன்று முறை வென்றிருக்கிறார்கள். மைதானத்தில் சுமார் 32,000 பேர் உட்காரலாம். ஆக, சின்னக் கிளப் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘இந்த வருஷம் லீக் நமக்குத்தான்’ என்று எந்த ஆகஸ்ட் மாதமும் நினைத்துப் பார்த்த கிளப்பும் இல்லை. 2008-09-இல் மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டி கிங் என்ற நடுக்கள வீரர் மூன்றாம் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், பிரீமியர் லீக் என்று மூன்றையும் இதே ஒரு கிளப்போடு ஜெயித்தார்.

முந்தின சீசனில் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஆமாம். கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடம். 29 ஆட்டம் முடிந்தபோது 19 புள்ளிகள். தப்பிக்க வேண்டிய இடத்துக்கு இன்னும் 7 புள்ளிகள் தேவை. மீதி 9 ஆட்டம். யாரைக் கேட்டாலும் ‘கீழ் டிவிஷனுக்குப் போவது நிச்சயம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த 9 ஆட்டங்களில் 7 வெற்றி, ஒரு டிரா, ஒரே ஒரு தோல்வி. 41 புள்ளிகளோடு 14-ஆவது இடம். இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு முழுக் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. சாம்பியன் ஆன அணி 2015 ஆகஸ்டில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஏப்ரலிலேயே சாம்பியன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

அந்த அணியைக் கட்டியது யார்? சாம்பியன் ஆனபோது மேனேஜராக இருந்த ரனியேரியா?

பெரும்பகுதி அவருக்கு முந்தின மேனேஜர் நைஜல் பியர்சன் காலத்தில் சேர்ந்தது. ஆள் தேடும் வேலையில் ஸ்டீவ் வால்ஷின் பங்கு பெரியது. கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் லீட்ஸிலிருந்து, கேப்டன் வெஸ் மார்கன் பக்கத்து ஊர் நாட்டிங்காம் ஃபாரஸ்டிலிருந்து, டேனி டிரிங்க்வாட்டர் மான்செஸ்டர் யுனைடெட்டில் இடம் கிடைக்காமல், மார்க் ஆல்பிரைட்டன் ஆஸ்டன் வில்லா விட்டுவிட்ட பிறகு கிளப் விலை எதுவும் கொடுக்காமல் என்று இப்படித்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்று வைத்த சாமான்களை வாங்கி வந்து ஒரு வீடு கட்டின மாதிரி.

இவர்களில் சிலர் சேர்ந்து அடியும் வாங்கியிருக்கிறார்கள். 2013 மே மாதம், மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான இரண்டாம் டிவிஷன் பிளே-ஆஃப் அரையிறுதி, வாட்ஃபோர்டு மைதானம். கடைசி நிமிடங்களில் லெஸ்டருக்கு ஒரு பெனால்டி. போட்டால் இறுதி ஆட்டம். கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தையும் தடுத்தார். பந்து அப்படியே மறுமுனைக்குப் போய், டிராய் டீனி உதைத்து லெஸ்டர் வலையில் கோல். பெனால்டி அடித்ததற்கும் அந்தக் கோலுக்கும் இடையே இருபது விநாடிதான் இருக்கும். ஷ்மைக்கேலும் மார்கனும் அன்று களத்தில் இருந்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு 5000-க்கு 1 என்பது ஒன்றும் பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது.

இதோடு ஒரு துணுக்கு. அந்தச் சீசனில் கடனாக வந்து லெஸ்டருக்கு ஆடிய இளைஞர்களில் ஒருவர் ஹாரி கேன். மூன்று வருஷம் கழித்து லெஸ்டரைத் துரத்தியது அவருடைய டாட்டன்ஹாம்தான்.

அப்படியானால் பியர்சன் ஏன் போனார்?

2015 ஜூன் 30 அன்று கிளப் அவரை நீக்கியது. சீசன் முடிந்து தாய்லாந்து போன பயணத்தில் மூன்று இளம் வீரர்கள் மோசமாக நடந்துகொண்டதால் வெளியேற்றப்பட்டார்கள். அதில் ஒருவர் பியர்சனின் மகன். அதன் பிறகு நிர்வாகத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை.

ரனியேரி வந்தபோது ரசிகர்கள் என்ன சொன்னார்கள்?

முகம் சுளித்தார்கள். கிளாடியோ ரனியேரி அதற்கு முன் கிரீஸ் தேசிய அணியின் பயிற்சியாளர். சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் 1-0 என்று தோற்று, 2014 நவம்பரில் வேலை போனது. ஃபாரோ தீவுகளின் மொத்த மக்கள்தொகையே ஐம்பதாயிரம் சொச்சம். லெஸ்டரில் பிறந்து லெஸ்டருக்கே ஆடிய கேரி லினேக்கர், ‘ரனியேரியா? நிஜமாகவா?’ என்று டிவிட்டரில் போட்டார். பிறகு டிசம்பரில், லெஸ்டர் லீகை ஜெயித்தால் தன் பிபிசி கால்பந்து நிகழ்ச்சியை உள்ளாடையோடு நடத்துகிறேன் என்று வாய்விட்டார். அடுத்த ஆகஸ்டில் வெள்ளை அரைக்கால் சட்டையோடு கேமரா முன் வந்து நின்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றிய ஆள்.

ரனியேரிக்குப் பழைய பட்டப்பெயர் ‘டிங்கர்மேன்’, அதாவது நோண்டிக்கொண்டே இருப்பவர். செல்சியில் இருந்தபோது வாராவாரம் அணியை மாற்றிக்கொண்டே இருப்பார் என்பதால் வந்தது. லெஸ்டரில் அவர் செய்த மிகப்பெரிய காரியம், எதையும் நோண்டாமல் விட்டதுதான். பியர்சனின் உதவியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தார். வந்த புதிதில் தன் புத்திசாலித்தனத்தைக் காட்ட நினைக்காத மேனேஜர் அபூர்வம். அந்த அடக்கத்துக்கு இவருக்குத் தனியாகவே ஒரு கோப்பை கொடுக்கலாம்.

5000-க்கு 1 என்றால் சரியாக என்ன?

சீசன் தொடங்குமுன் லெஸ்டர் லீகை வெல்லும் என்று ஒரு பவுண்டு பந்தயம் கட்டியிருந்தால் 5000 பவுண்டு கிடைத்திருக்கும். பந்தய நிறுவனங்கள் நுணுக்கமாகக் கணக்குப் போட்டு வந்த எண் இல்லை இது. ‘நடக்காது’ என்பதற்கு ஒட்டிவைத்த விலைச்சீட்டு. அதனால் இந்த எண்ணை வைத்து லெஸ்டரின் சாதனையை அளப்பது சரியில்லை என்பது என் கட்சி. 50 பவுண்டு கட்டியிருந்த ஒருவர், மார்ச் மாதத்திலேயே சுமார் 72,000 பவுண்டு வாங்கிக்கொண்டு பந்தயத்தை முடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் இரண்டரை லட்சம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வழக்கமான பதினொரு பேர் யார்? விலை என்ன?

ஷ்மைக்கேல், டேனி சிம்சன், மார்கன், ராபர்ட் ஹூத், கிறிஸ்டியன் ஃபுக்ஸ், ரியாத் மஹ்ரெஸ், டிரிங்க்வாட்டர், எங்கோலோ கான்டே, ஆல்பிரைட்டன், ஷின்ஜி ஒகாசாகி, ஜேமி வார்டி.

இதில் மஹ்ரெஸை 2014 ஜனவரியில் பிரான்ஸின் லெ ஹாவ்ர் கிளப்பிலிருந்து ஐந்து லட்சம் பவுண்டுக்கும் குறைவாக வாங்கினார்கள். வார்டிக்கு 2012-இல் கொடுத்தது சுமார் 10 லட்சம். ஹூத் 30 லட்சம். ஃபுக்ஸ் காசில்லாமல் வந்தவர். பிரான்ஸின் கான் அணியிலிருந்து வந்த கான்டே 56 லட்சம். இருப்பதிலேயே விலை அதிகமான ஒகாசாகி சுமார் 70 லட்சம். அதே கோடையில் மான்செஸ்டர் சிட்டி கெவின் டி புருய்னா என்ற ஒரே ஆளுக்கு 5 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தது.

அதற்கு முன் பிரீமியர் லீக் பதக்கம் வாங்கியிருந்தது இந்தப் பதினொன்றில் ஹூத் ஒருவர்தான். செல்சியில் சின்னப் பையனாக இருந்தபோது வாங்கியது.

எப்படி ஆடினார்கள்? பந்தே கையில் இல்லாமல் எப்படி ஜெயித்தார்கள்?

நல்ல கேள்வி. அந்தக் காலகட்டத்தில் எல்லோரும் பந்தைத் தங்கள் வசம் வைத்துச் சின்னச் சின்னப் பாஸாகக் கோத்துக்கொண்டு போவதுதான் நல்ல ஆட்டம் என்று நம்பினார்கள். லெஸ்டரிடம் பந்து பாதி நேரம்கூட இருக்காது. பழைய 4-4-2, அதாவது தற்காப்பில் நான்கு, நடுக்களத்தில் நான்கு, முன்வரிசையில் இரண்டு பேர். நான்கு நான்காக நிற்கும் இரண்டு வரிசையும் நெருக்கமாக, ஒரு சேலை மடிப்பு மாதிரி ஒட்டி நிற்கும். மார்கனும் ஹூத்தும் வேகமானவர்கள் இல்லை. அதனால் அவர்களை மேலே ஏறி வரச் சொல்லவே இல்லை. பெனால்டிப் பகுதிக்கு முன்னால் நின்று, வருகிற பந்தையெல்லாம் தலையாலும் காலாலும் வெளியே அனுப்புவதுதான் வேலை.

பந்து கைமாறியதும்தான் வேடிக்கை. கான்டே பிடுங்குவார். அந்தச் சீசனில் எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்ததிலும் சரி, பாஸை இடைமறித்ததிலும் சரி, லீகிலேயே முதலிடம் அவருக்குத்தான். பிடுங்கிய பந்து டிரிங்க்வாட்டரிடம் போகும். அவர் நிமிர்ந்து பார்க்கக்கூட மாட்டார், தற்காப்புக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்கு ஒரு நீளமான பந்து. அங்கே வார்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பார். மூன்றே உதையில் இந்த முனையிலிருந்து அந்த முனை. எதிரணி தற்காப்பை உயர்த்தி வைத்தால் வார்டி பின்னால் ஓடுவார். பயந்து கீழே இறக்கினால், முன்னால் திறக்கும் இடத்தில் மஹ்ரெஸ் வலதுபக்கத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் அடிப்பார். எந்தப் பக்கம் போனாலும் இடி.

ஒகாசாகியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். லீகில் அவர் போட்டது ஐந்தே கோல்தான். ஆனால் எதிரணி நடுக்கள வீரருக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் அறுபது எழுபது நிமிடம் ஓடி, நாக்குத் தள்ளி வெளியே வருவார். முன்வரிசையிலிருந்து இறங்கி வந்து மூன்றாவது நடுக்கள வீரராக நின்றது அவர்தான். அவர் இல்லாவிட்டால் கான்டேயும் டிரிங்க்வாட்டரும் இரண்டே பேராக அந்தப் பரப்பைக் காத்திருக்க முடியாது.

இன்னொன்று, இரண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லை. முதல் 19 ஆட்டத்தில் 25 கோல் வாங்கினார்கள். இரண்டாவது 19-இல் வெறும் 11. செப்டம்பரில் ஆர்சனலிடம் சொந்த மைதானத்தில் 5-2 என்று உதை வாங்கிய பிறகு, ரனியேரி இரண்டு ஓரத் தற்காப்பு வீரர்களை மாற்றி ஃபுக்ஸையும் சிம்சனையும் கொண்டுவந்தார். அந்தச் சீசனில் அவர் செய்த உருப்படியான ஒரே ‘டிங்கர்’ அதுதான். மார்ச், ஏப்ரலில் தொடர்ந்து நான்கு ஆட்டம் 1-0, 1-0, 1-0, 1-0. ஜாலியாகக் கோல் போட்டும் வாங்கியும் திரிந்த பையன்கள் எப்போது கஞ்சப் பிசினாறிகளாக மாறினார்கள் என்பதே தெரியவில்லை.

பீட்சா கதை உண்மையா?

உண்மை. முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட கோல் வாங்காமல் முடிக்கவில்லை. ஒரு ஆட்டம் கோல் வாங்காமல் இருந்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்றார் ரனியேரி. அக்டோபர் 24 அன்று கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்றதும் எல்லோரையும் லெஸ்டரில் ஒரு பீட்சா கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே போனால், மாவு பிசைவதிலிருந்து தட்டுவது வரை அவர்களே செய்ய வேண்டும் என்று விட்டார். எதையும் உழைத்துத்தான் சாப்பிட வேண்டுமாம். பயிற்சியில் கவனம் சிதறினால் ‘டில்லி டிங், டில்லி டாங்’ என்று வாயாலேயே மணி அடிப்பார். கிறிஸ்துமஸுக்கு வீரர்களுக்குச் சின்ன மணிகளைப் பரிசாகக் கொடுத்தார்.

வார்டியின் 11 ஆட்டச் சாதனை?

ஜேமி வார்டி பதினாறு வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப்பால் ‘உயரம் போதாது’ என்று கழித்துவிடப்பட்டவர். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற குட்டிக் கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடிக்கொண்டு, பகலில் மருத்துவ உபகரணத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கிருந்து ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட், பிறகு லெஸ்டர். வரும்போது வயது 25.

2015 ஆகஸ்ட் 29 அன்று போர்ன்மத்தில் பெனால்டியில் தொடங்கி, தொடர்ந்து ஒவ்வொரு லீக் ஆட்டத்திலும் கோல் போட்ட வரிசை வாராவாரம் நீண்டது. இடையில் மணிக்கட்டில் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டே ஆடினார். ரூட் வான் நிஸ்டல்ரூய் 2003-இல் வைத்த 10 ஆட்டச் சாதனையை நியூகாசிலில் சமன் செய்தார். நவம்பர் 28, மான்செஸ்டர் யுனைடெட் லெஸ்டருக்கு வருகிறது. வான் நிஸ்டல்ரூய் சாதனை வைத்த அதே கிளப்.

24-ஆவது நிமிடம். யுனைடெட் அடித்த கார்னரை ஷ்மைக்கேல் பிடித்து, உடனே கையால் ஃபுக்ஸுக்கு எறிகிறார். ஃபுக்ஸ் நடுக்கோட்டைத் தாண்டி ஓடுகிறார். வார்டி முதலில் ஒரு அடி உள்ளே, பிறகு வெளியே வளைந்து ஓட, பந்து சரியாக அவர் ஓட்டத்தில் விழுகிறது. வலது காலால் தரையோடு, கீப்பர் டி ஹேயாவைத் தாண்டி மூலைக்கு. கார்னரை வாங்கியதிலிருந்து கோல் வரை பத்துப் பன்னிரண்டு விநாடி. லெஸ்டரின் ஆட்டம் என்ன என்று யாராவது கேட்டால் நான் போட்டுக்காட்டுவது இந்தக் கோலைத்தான். ஆட்டம் 1-1.

சீசன் முடிவில் வார்டிக்கு 24 கோல். அதிகக் கோலுக்கான விருது 25 போட்ட ஹாரி கேனுக்குப் போனது. கோப்பை வாங்கிய நாளில் எவர்ட்டனுக்கு எதிராக இரண்டு கோல் போட்ட வார்டி, தனக்குக் கிடைத்த இரண்டாவது பெனால்டியை வானத்துக்கு அடித்தார். அது உள்ளே போயிருந்தால் அந்த விருதையும் பங்குபோட்டிருப்பார்.

சிறந்த வீரர் வார்டியா, மஹ்ரெஸா, கான்டேயா?

பத்திரிகையாளர்கள் வார்டிக்குக் கொடுத்தார்கள். சக வீரர்கள் மஹ்ரெஸுக்கு வாக்களித்தார்கள். 17 கோல், மற்றவர்கள் கோல் போடக் கொடுத்த பாஸ் (அசிஸ்ட்) 11. அந்த விருதை வாங்கிய முதல் ஆப்பிரிக்க வீரர் அவர். நான் கான்டே கட்சி. அடுத்த கோடையில் செல்சி அவரை வாங்கியது, 2016-17-இல் செல்சி சாம்பியன், லெஸ்டர் 12-ஆவது இடம். இதற்கு மேல் வாதாட எனக்குத் தெரியாது.

எந்தெந்த ஆட்டம் தோற்றார்கள்?

ஆர்சனலிடம் இரண்டு முறை, லிவர்பூலிடம் ஒரு முறை. அவ்வளவுதான்.

பெரிய அணிகள் எல்லாம் சொதப்பியதால்தானே ஜெயித்தார்கள்?

ஓரளவு உண்மை, மறைக்க வேண்டியதில்லை. நடப்புச் சாம்பியன் செல்சி சரிந்து 10-ஆவது இடத்தில் முடித்தது. டிசம்பர் 14 அன்று லெஸ்டரிடம் 2-1 என்று தோற்ற மூன்றாம் நாள் மேனேஜர் மொரீனியோவை அனுப்பிவிட்டார்கள். மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆளுக்கு 66 புள்ளிகள். 81 புள்ளிகள் சில வருஷங்களில் போதாமல் போயிருக்கும்.

அதிர்ஷ்டமும் இருந்தது. ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லை. இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் சீக்கிரமே வெளியேறினார்கள். வாரத்துக்கு ஒரு ஆட்டம், பெரிய காயங்கள் இல்லை, அதே பதினொரு பேர். மார்கன் லீகில் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. ஆனால் இந்தச் சலுகையெல்லாம் இன்னும் பல அணிகளுக்கும் இருந்ததே? ஐரோப்பாவில் ஆடாத அணிகள் பாதிக்கு மேல். வேறு யாரும் 81 எடுக்கவில்லை. மற்றவர்கள் வழுக்கியது வழியைத் திறந்தது. அந்த வழியில் நடந்தது இவர்கள் கால்தான்.

‘ஜெயிக்கலாம்’ என்ற நம்பிக்கை எப்போது வந்தது?

கிறிஸ்துமஸுக்கே முதலிடம். ஆனாலும் ரனியேரி, கீழே இறங்காமல் தப்பிக்கப் போதும் என்று கருதப்படும் 40 புள்ளி, 40 புள்ளி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிப்ரவரியின் முதல் வாரம்தான் மற்றவர்களுக்கும் உறைத்தது. 2-ஆம் தேதி லிவர்பூல். மஹ்ரெஸ் சொந்தப் பாதியிலிருந்து தூக்கிப்போட்ட பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்ப, வார்டி சுமார் 25 கெஜத்திலிருந்து, கீப்பர் கொஞ்சம் முன்னால் நிற்கிறார் என்பதைப் பார்த்து, அப்படியே அடித்தார். 2-0. நான்கு நாள் கழித்து மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் வெற்றி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து 14-ஆம் தேதி ஆர்சனல். சிம்சனுக்குச் சிவப்பு அட்டை, பத்துப் பேராகத் தாக்குப்பிடித்து, 95-ஆவது நிமிடத்தில் டேனி வெல்பெக் தலையால் முட்டிய கோலில் 2-1 தோல்வி. ஆர்சனல் வீரர்கள் கோப்பையே வாங்கியது போலக் கொண்டாடினார்கள். ‘பலூன் வெடித்தது’ என்று எல்லோரும் நினைத்த இடம் அது. ரனியேரி என்ன செய்தார்? வீரர்களுக்கு ஒரு வாரம் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு லெஸ்டர் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

மூன்றாம் ரிச்சர்ட் மன்னருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எந்தச் சம்பந்தமும் இல்லை. 1485-இல் போரில் மாண்ட மன்னரின் எலும்புகள் 2012-இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தன. 2015 மார்ச் 26 அன்று லெஸ்டர் பேராலயத்தில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆட்டத்திலிருந்து லெஸ்டர் ஜெயிக்க ஆரம்பித்தது. சம்பந்தம் இல்லை என்றுதான் நானும் சொல்கிறேன்.

எந்த நாளில் சாம்பியன் ஆனார்கள்? களத்தில் இல்லாமலே ஜெயித்தார்களாமே?

ஆமாம். ஏப்ரல் 17 அன்று வெஸ்ட் ஹாமுக்கு எதிராக வார்டி கோல் போட்டார். பிறகு விழுந்து நடித்தார் என்று இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். 1-0 என்று இருந்த ஆட்டம் 86-ஆவது நிமிடத்தில் 2-1 என்று கைவிட்டுப் போக, 95-ஆவது நிமிடத்தில் லெஸ்டரின் உயோவா பெனால்டியில் சமன் செய்தார். வார்டி இல்லாத அடுத்த ஆட்டத்தில் ஸ்வான்சியை 4-0. மே 1 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் மார்கன் தலையால் போட்ட கோலில் 1-1.

மறுநாள் மே 2, டாட்டன்ஹாம் செல்சி மைதானத்தில் ஜெயித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோப்பை லெஸ்டருக்கு. இந்தியா, இலங்கையில் நமக்கு அது மே 3 நள்ளிரவு தாண்டி 12.30 மணி. இடைவேளைக்கு முன்பே கேனும் சோன்னும் போட்டு 2-0. படுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். செல்சியின் கேஹில் ஒன்றைத் திருப்பினார். 83-ஆவது நிமிடத்தில் ஈடன் அசார் வளைத்து மேல் மூலையில் செருகினார். 2-2. டாட்டன்ஹாம் வீரர்கள் ஒன்பது பேர் மஞ்சள் அட்டை வாங்கிய முரட்டு ஆட்டம். லெஸ்டர் வீரர்கள் வார்டி வீட்டில் கூடி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரனியேரி அன்று பகலில் இத்தாலிக்குப் போய், 96 வயது அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார்.

மே 7 அன்று எவர்ட்டனை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். ஆட்டத்துக்கு முன் ஆந்திரேயா போச்செல்லி மைதான நடுவில் நின்று பாட, பக்கத்தில் ரனியேரி கண் கலங்கி நின்றார். 1978-இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் வென்ற பிறகு, முதல்முறையாகச் சாம்பியன் ஆன ஒரு புதுக் கிளப் இதுதான்.

உரிமையாளர் யார்?

விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா. தாய்லாந்தில் கிங் பவர் என்ற சுங்க வரியில்லாக் கடைகளின் அதிபர். 2010-இல் கிளப்பை வாங்கினார். பிறந்தநாளுக்கு ரசிகர்களுக்கு இலவச பீர் கொடுப்பார். தாய்லாந்திலிருந்து பௌத்த பிக்குகளை அழைத்து வந்து வீரர்களுக்கு ஆசி வழங்கச் சொல்வார். 2018 அக்டோபர் 27 அன்று, ஆட்டம் முடிந்து மைதான நடுவிலிருந்து கிளம்பிய அவருடைய ஹெலிகாப்டர் வெளியே விழுந்து நொறுங்கியது. அவரும் அவரோடு இருந்த நால்வரும் இறந்தார்கள். அந்த ஊரில் அவரைப் பற்றி இப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

ரனியேரிக்கு உலகின் சிறந்த பயிற்சியாளர் விருதை 2017 ஜனவரியில் கொடுத்தார்கள். பிப்ரவரி 23 அன்று லெஸ்டர் அவரை நீக்கியது. அப்போது அணி 17-ஆவது இடம். நியாயமா என்றால், புள்ளிப் பட்டியல் நியாயம் என்று சொல்லும். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதே சீசனில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி வரை போனார்கள். 2021-இல் செல்சியை 1-0 என்று வென்று, ஐந்தாவது முயற்சியில் எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தார்கள். 2023-இல் கீழ் டிவிஷன், 2024-இல் திரும்ப மேலே, 2025-இல் மறுபடியும் கீழே. அந்தப் பதினொரு பேரில் கடைசியாக மிஞ்சியிருந்த வார்டி, 2025 மே மாதம் லெஸ்டருக்காகத் தன் 500-ஆவது ஆட்டத்தில் 200-ஆவது கோலைப் போட்டுவிட்டு விடைபெற்றார்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

2016 பிப்ரவரி 6, மான்செஸ்டர் சிட்டி 1, லெஸ்டர் 3. மூன்றாவது நிமிடத்தில் மஹ்ரெஸ் அடித்த ஃப்ரீ கிக்கை ஹூத் காலால் தட்டிவிடுகிறார். யார் மேலோ பட்டு உள்ளே போகிறது. அழகே இல்லாத கோல். இடைவேளை முடிந்து மூன்றாவது நிமிடத்தில் எதிர்மாறாக ஒன்று: மஹ்ரெஸ் சிட்டியின் தற்காப்பு வீரர் ஓட்டமெண்டியை ஒரு பொய்யசைவில் ஒதுக்கி, இன்னொரு தற்காப்பு வீரர் டெமிக்கேலிஸை இன்னொன்றில் இடம் தெரியாமல் நிற்கவைத்து, தனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத வலது காலால் மேலே அடித்துச் செருகுகிறார். 60-ஆவது நிமிடத்தில் கார்னர். ஹூத் கூட்டத்துக்கு மேலே எழும்பித் தலையால் முட்டுகிறார், பந்து கீப்பருக்கு மேலாக வளைந்து தூரக் கம்பத்தின் ஓரமாக விழுகிறது. சிட்டியின் அகுவேரோ 87-இல் ஒன்றைத் திருப்பியதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாவது கோல் விழுந்ததும் வெளியூரிலிருந்து வந்த லெஸ்டர் ரசிகர்கள் உட்கார்ந்திருக்கும் மூலையைப் பாருங்கள்.